வி.ஆர்.சாட்டின் பாதுகாப்புக் கேடயம்: பளிச்சிடும் ஒளியை எவ்வளவு தடுக்கும்?

மெய்நிகர் உலகில் கூடி அரட்டையடிக்க உதவும் வி.ஆர்.சாட் செயலியில் யாரும் எந்த உருவத்திலும் ('அவதார்') வரலாம். டிராகனாக வருபவரால் தொல்லையில்லை. உடம்பெல்லாம் டிஸ்கோ விளக்காக வருபவரால்தான் சிக்கல். பளிச்சிடும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 3 சதவீதம். வெட்டி வெட்டி மின்னும் காட்சி வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளச் சொல்வார்கள். ஹெட்செட் மாட்டியிருந்தால் அதற்கு வழியில்லை. பார்ப்பவரின் காட்சி முழுவதையும் மூடிவிடும் ஷேடர்களும் (உருவத்தின் நிற, ஒளித் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரல்கள்) உண்டு; தலையைத் திருப்பியும் தப்ப முடியாது.

இதற்கு வி.ஆர்.சாட் தரும் தற்காப்பு, மெனுவில் உள்ள 'சேஃப்டி' பகுதி. அதில் 'கஸ்டம்' நிலைக்குப் போனால், புதிதாக வந்த 'விசிட்டர்' முதல் 'டிரஸ்டட் யூசர்' வரை ஒவ்வொரு தரத்தாருக்கும் தனித்தனிப் பொத்தான்கள்: குரல், அவதார், ஒலி, ஒளியும் துகள்களும், ஷேடர், அனிமேஷன். கடைசி மூன்றையும் எல்லாத் தரத்துக்கும் அணைத்துவிடுங்கள். நண்பர்களுக்கான வரிசையையும் விட்டுவிடாதீர்கள். நண்பர் மேல் மின்னினாலும் அதே ஒளிதான். அவதார்கள் களையிழந்து போகும், ஆனால் குரல் கேட்கும், அரட்டை தடைபடாது. அவசரத்துக்கு 'சேஃப் மோட்' இருக்கிறது: கணினியில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சுற்றியிருப்பவர்களின் சேட்டைகள் மொத்தமாக அணையும்.

இவ்வளவும் நன்று. ஆனால் இந்தக் கேடயம் ஆளைப் பார்க்கிறதே தவிர ஒளியை அளப்பதில்லை. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை, இங்கே அப்படி எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, நடன அரங்குகள். அங்கே மின்னும் விளக்குகள் அந்த உலகத்தைக் கட்டியவருடையவை. சேஃப்டி பொத்தான்கள் அவற்றைத் தொடுவதில்லை. சிலர் சுவரிலேயே விளக்கை அணைக்க ஒரு பொத்தான் வைக்கிறார்கள். அது அவர்கள் நல்ல மனசு.

சரியான தீர்வு, கண்ணுக்குப் போகும் கடைசிப் படத்தைச் சோதிப்பது. 2023இல் ஐஓஎஸ் 16.4 உடன் ஆப்பிள் கொண்டுவந்த வசதி, வீடியோவில் தொடர்ந்து பளிச்சிடும் இடங்களைக் கண்டுபிடித்துத் தானாக மங்கலாக்குகிறது. ஹெட்செட்டில் இது இன்னும் கடினம்: 90 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லிநொடிதான். என்றாலும் இந்த வேலை ஹெட்செட் தயாரிப்பாளருடையதே. அங்கே செய்துவிட்டால் எந்தச் செயலிக்கும் பொருந்தும்.

தீர்ப்பு: அடுத்தவர் அவதாரிலிருந்து நல்ல பாதுகாப்பு, உலகத்தின் விளக்குகளிலிருந்து பாதுகாப்பே இல்லை. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட் மாட்டாதீர்கள். வி.ஆர்.சாட் சாதாரணக் கணினித் திரையிலும் ஓடும். அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, நடன அரங்குகளைத் தவிர்த்து விளையாடுவதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.