மாவட்டமும் வறுமையும்

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு பற்றி நம்மவரிடையே எழும் வாதங்கள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வதைக் காண்கிறோம். திறமைக்கு இழைக்கப்பட்ட அநீதி அது எனக் குமுறுவோர் ஒரு சாரார். பின்தங்கிய பிரதேசங்களுக்குக் கிடைத்த விமோசனம் அது எனப் போற்றுவோர் மறு சாரார். மாவட்டத்துக்கு உள்ளேயும் வர்க்கங்கள் உண்டு என்பது இரு சாரார் கண்ணுக்கும் படுவதில்லை. கொழும்பில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கோ அது நாள்தோறும் கண்முன் நிற்கும் உண்மை.

1943இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கையும், 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இந்நாட்டு உழவன் மகனைப் பல்கலைக்கழக வாயில்வரை கொணர்ந்தன என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயின் ‘யாவர்க்கும்’ என்ற சொல்லுக்குள் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை நெடுங்காலம் அடங்கவில்லை; தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதே காலப்பகுதியின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் அப்பட்டமான இனப் பாரபட்சம். அதனையும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒன்றாகக் குழப்புவோர் பலர். பின்னையது யாழ்ப்பாணத்து மாணவரைப் பாதித்தது உண்மையே. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு மாணவருக்கு அது வழி திறந்ததும் உண்மையே. இதைச் சொல்லத் தயங்குவது முற்போக்காளர்க்கு அழகன்று.

இன்றுள்ள ஏற்பாட்டின்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டக் குடித்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் கொழும்பு இல்லை. இருக்கவும் முடியாது. நாட்டின் செல்வமும் புகழ்பெற்ற கல்லூரிகளும் குவிந்துள்ள மாவட்டமன்றோ இது!

ஆயினும் இதே கொழும்பில்தான் கொட்டாஞ்சேனையும் புளூமெண்டல் வீதியும் ஜிந்துப்பிட்டியும் உள்ளன. அங்கே ‘தோட்டங்கள்’ உள்ளன. தோட்டம் என்றதும் தேயிலையை நினைக்கும் வாசகர் மன்னிக்க. இங்கு செடியுமில்லை கொடியுமில்லை, ஒட்டி நிற்கும் அறைகளும் பொதுக் குழாயுந்தான் உண்டு. துறைமுகக் கூலிகளும் புறக்கோட்டை நாட்டாமைகளும் வீட்டுப் பணிப்பெண்களும் வாழும் இக்குடியிருப்புகளிலிருந்து உயர்தரத்துக்கு வரும் பிள்ளை, வெள்ளவத்தையில் மூன்று பாடங்களுக்கும் தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளையுடனும், கறுவாத்தோட்டத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளுடனும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். தேசப்படத்தில் இவர்கள் அனைவரும் அயலவர்.

நம்மிடம் கணிதப் பிரிவில் பயின்ற ஒரு மாணவியை நினைக்கிறோம். அவள் தந்தை புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர். பிழைப்புத் தேடி நுவரெலியா மாவட்டத்திலிருந்து வந்தவர். அவள் பெற்ற இசற் புள்ளி அந்த மாவட்டத்தில் பொறியியற் பீடத்துக்குப் போதுமாயிருந்தது, கொழும்பிற் போதவில்லை. தந்தை மலையிலேயே இருந்திருந்தால் மகள் பொறியியலாளர்! மூட்டை மட்டும் இரண்டிடத்தும் ஒரே கனந்தான். அவள் இப்போது ஒரு புடவைக் கடையிற் கணக்கெழுதுகிறாள்.

உதவித் திட்டங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் பல்லாயிரம் மாணவரைப் பட்டம்வரை தாங்கியிருக்கிறது. அதன் மாதாந்தக் கொடுப்பனவை 5000 ரூபாவிலிருந்து 7500 ஆக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. நல்லதே. ஆனால் அது உள்ளே நுழைந்தவனுக்கு உரியது. வறிய மாணவன் தளர்வது உயர்தரத்தின் இரண்டு ஆண்டுகளிலன்றோ! ஜனாதிபதி நிதியம் 2022இல் வறிய உயர்தர மாணவர்க்கு மாதம் 5000 ரூபா வழங்கத் தொடங்கியபோது அந்த இடைவெளி முதன்முறையாக ஓரளவு உணரப்பட்டது எனலாம்.

நாம் வியப்பது வேறொன்றைக் குறித்து. மகாபொலவுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்ப வருமானத்தைத் துருவித் துருவிக் கேட்கும் அதே அரசு, அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைக் கணிக்கும்போது மாவட்டத்தைப் பார்க்கிறதேயன்றி வருமானத்தைப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2020இல் இயற்றப்பட்ட சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அளித்தது. அடுத்த ஆண்டே பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் அது விரிந்தது. எந்த மாவட்டம் என்பதன்று, எந்தப் பள்ளி என்பதே அங்கு எழுந்த கேள்வி. அதனை அப்படியே இங்கு பெயர்த்து நடுதல் இயலாது. நம் நாட்டிற் புகழ்பெற்ற கல்லூரிகள் பலவும் அரச பாடசாலைகளே. ஆயினும் அளவுகோல் ஒன்று நம் கையிலேயே உள்ளது. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ளவை 1ஏபி, கலை வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி, பதினோராம் தரத்துடன் நிற்பவை இரண்டாம் வகை என்று கல்வி அமைச்சே பாடசாலைகளை வகுத்து வைத்திருக்கிறது. பதினோராம் தரம்வரை ஒரு பிள்ளை எவ்வகைப் பாடசாலையிற் பயின்றது என்பதும், அதன் குடும்பம் 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி பெறுகிறதா என்பதும் அரச பதிவேடுகளிலேயே கிடைக்கும்.

வருமானச் சான்றிதழிற் பொய் புகும் என்பர். புகும். ஆனால் மாவட்டத்திற் பொய் புகவில்லையா? குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வேறு மாவட்டம் சென்று பரீட்சை எழுதுவோர் பற்றி நாம் கேள்விப்படாதவர்களா? அவ்வாறு இடம்பெயர்ந்து தங்கப் பணம் வேண்டும். நாட்டாமையின் மகளுக்கு அந்தப் பொய்யும் எட்டாது.

கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர் சிலர் இவ்வாண்டு முதல், வருகின்ற மாணவரின் முன்னைய பாடசாலை வகையையும் பெற்றோர் தொழிலையும், பின்னர் கிடைக்கும் இசற் புள்ளியையும் ஒரு குறிப்பேட்டிற் பதிந்து வருகிறோம். வெள்ளவத்தை நண்பர்களும் அவ்வாறு ஒன்றைத் தொடங்குவார்களாயின், உயர்தரப் பெறுபேறுகள் வந்தபின் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.