கிரேக்கர் குறுவாளும் அதன் பெயர்களும்

பண்டைக் கிரேக்கரின் படைக்கலங்களை விளக்கும் இக்கால நூல்கள் பலவற்றில், வாள்வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வரையறுத்து வழங்கப்பெறுகின்றது. இருபுறமும் கூருடைய நேர்வாள் 'க்சிபொஸ்' எனவும், ஒருபுறமே கூருடையதாய் முன்வளைந்தது 'கொபிஸ்' எனவும், அத்துணை வளைவில்லாத ஒருபுறக் கூர்வாள் 'மகைரா' எனவும் வகுக்கப்படும். கற்பார்க்கு இப்பாகுபாடு எளிது. ஆயின், கிரேக்கர் தாமே அவ்வாறு வழங்கினரோ என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் ஓமரின் சான்று நோக்கற்பாலது. இலியட் முதற் காண்டத்தில், அகமெம்னன்பாற் சினங்கொண்ட அக்கிலீஸ் வாளை உருவலாமோ என எண்ணுகின்றான். எண்ணுமிடத்து அவ்வாள் 'பாஸ்கனொன்' எனப்படுகின்றது; நான்கடி கழிந்து, உறையினின்று உருவுமிடத்து, அதுவே 'க்சிபொஸ்' ஆகின்றது. வாள் ஒன்றே, வேறுபட்டது பெயர் மட்டுமே. யாப்புக்கு இயைந்த சொல்லைப் புலவன் தேர்ந்தான் எனக் கொள்வதே பொருத்தமாகும். இவ்விரு சொற்களும் மிகப் பழையன. 1952இல் மைக்கேல் வென்ரிஸ் 'லீனியர் பி' எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்திய பின்னர், முன்னையது நொசொஸ் நகரக் களிமண் ஏடுகளிலும் பின்னையது பைலொஸ் நகர ஏடுகளிலும் காணப்பட்டன. நொசொஸ் ஏடுகளில் அச்சொல்லோடு உருக்குறியும் வரையப்பட்டுள்ளது. இருந்தும், அது நெடுவாளோ குத்துவாளோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபட்டனர்.

'மகைரா'வின் வரலாறு இன்னும் தெளிவு தருவது. இலியட்டில் அது போர்வாளன்று. அகமெம்னனின் வாளுறையருகே தொங்குங் கத்தி. பலியாடுகளின் தலைமயிரை அரிதற்கே அவன் அதனை எடுக்கின்றான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், குதிரைவீரனுக்குக் க்சிபொசினும் மகைராவே ஏற்றது என்பர் செனபொன். உயரத்தினின்று தாக்குவார்க்கு அதன் வெட்டே பயன்றரும் என்பது அவர் காட்டும் காரணம். அக்காரணங் கூறுமிடத்து அவர் ஆளுஞ் சொல்லோ 'கொபிஸ்' என்பது! ஒரே தொடரில் ஒரே வாளுக்கு இருபெயரும் வழங்கிய அவர், பிற்காலத்தார் வகுத்த வேற்றுமையைக் கருதிலர் என்பது வெளிப்படை. அவ்வேற்றுமையை உளங்கொண்டு அவர் நூலைப் பயில்வார், அவர் கூறாத இருவேறு வாள்களை அங்கே காண்பர்.

இப்பெயர்களுட் சில வடிவு நோக்கி எழுந்தனவுமல்ல. 'கொபிஸ்' வெட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. குத்துவாளைக் குறித்த 'எங்கெய்ரிடியொன்' கையகத்தது என்னும் பொருட்டு; எபிக்டெட்டசின் அறவுரைகளை அர்ரியன் சுருக்கித் தொகுத்த கைந்நூலுக்கும் அச்சொல்லே பெயராயிற்று.

அகழ்ந்தெடுத்த வாளில் வடிவு உண்டு, பெயர் இல்லை. நூலிற் பெயர் உண்டு, வடிவு இல்லை. இரண்டனையும் சான்றின்றி இணைத்தல் வரலாற்று நெறியன்று. நான்சி சாண்டர்ஸ் 1961இலும் 1963இலும் வெளியிட்ட கட்டுரைகளில், ஈஜியப் பகுதியின் வெண்கல வாள்களுக்குப் பழம்பெயர் சூட்டாது, எழுத்துக்குறி இட்டே வகை செய்தார். கண்ட வடிவைக் கண்டவாறு கூறிப் பெயரை நூல்வழக்குக்கே விட்ட அம்முறையே பின்பற்றத்தக்கது.