தொடாதே என்னும் ஏவல்

'மின்சாரம் தாக்கிப் பெண் பலி.' இந்தத் தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது இதன் எழுவாய். தாக்கியது மின்சாரம். எர்த் கம்பியை எங்கும் சேர்க்காமல் சுவருக்குள் மடித்து வைத்தவர், சாக்கெட்டைக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னவர், மலிவென்று அதை வாங்கிக் கொடுத்தவர், இந்த வாக்கியத்தில் யாருக்கும் இடமில்லை. செய்தியின் அடுத்த வரி '...போது' என்று முடியும் ஒரு தொடரோடு வரும். ஈரக்கையுடன் சுவிட்சைப் போட்டபோது, கம்பிக்கொடியில் துணி காயப்போட்டபோது, ஹீட்டர் போட்டிருந்த வாளியைத் தொட்டபோது. அத்தோடு குற்றம் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஈரக்கையோடு தொடாதே, வெறுங்காலோடு நிற்காதே, வயரைப் பிடித்து இழுக்காதே. எல்லாமே எதிர்மறை ஏவல். முன்னிலை ஒருமை, 'நீ' மறைந்து நிற்கிறது. அம்மா மகளுக்குச் சொல்வதும் மிக்சியோடு வரும் கையேடு வாங்கியவளுக்குச் சொல்வதும் இதே வினைமுற்றில்தான். சமையலறையில் ஈரமில்லாத கை யாருடையது? அரிசி களைந்து, மாவு வழித்து, பாத்திரம் கழுவி, இடையில் சட்னிக்கு மிக்சியைப் போடும் கை எப்போது காய்ந்திருக்கும்? அந்தச் சுவிட்சை வடிவமைத்தவர் மனத்தில் ஒரு கை இருந்திருக்க வேண்டும். அது காய்ந்த கை. நாளுக்கு இரண்டு முறை விளக்கைப் போட்டு அணைக்கும் கை. அந்தக் கைக்குச் செய்த பொருளை ஈரக்கைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, குறை தீர ஓர் ஏவலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தேசியக் குற்றப் பதிவுகள் ஆணையத்தின் கணக்கில் அண்மை ஆண்டுகளில் மின்சாரத்தால் இறப்பவர்கள் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல். அவர்களில் ஆண்களே அதிகம். கம்பத்தில் ஏறும் தொழிலாளி, வயலில் மோட்டார் போடப் போன விவசாயி, கட்டடத்தில் கம்பி தூக்கியவர். அவர்களைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். நான் பேசுவது வீட்டுச் சுவரைப் பற்றி. அங்கே சாவுக் கணக்கில் வராத ஷாக்குகள் இருக்கின்றன. 'லேசா சுர்ருன்னுச்சு' என்று சொல்லிவிட்டு, மரக்கரண்டியால் சுவிட்சைத் தட்டப் பழகிக்கொண்ட பெண்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. கிரைண்டர் ஷாக் அடித்தால் கிரைண்டர் மாறாது, காலுக்கடியில் பலகை வரும்.

இதில் கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியாக வேண்டும். மாணவிகள் முகம் சுளிக்காமல் கேட்கலாம், பாலைத் திணையின் உள்ளுறையைவிட இது எளிது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. நம்மைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறோம். அது காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் விழும். மனித இதயத்தைத் தடுமாறச் செய்ய ஓர் ஆம்பியரில் சிறு பங்கு போதும். உடலைக் காப்பதற்கென்று இருக்கும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்பார்கள், பழைய பெயர் இ.எல்.சி.பி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் யாரோ ஒருவர் உடல் வழியாக 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தாலும், நொடியில் ஒரு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஈரக்கையைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்ட பொருள் என்று நான் மதிப்பது இதைத்தான். தொடாதே என்று அது சொல்வதில்லை. தொட்டால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருக்கிறது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010இல் வந்தபோது, நிலக்கசிவுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிய விதி ஒரு விலக்கையும் கூடவே வைத்தது. 250 வோல்ட்டுக்கு உட்பட்ட, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு அது வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின், இரண்டு ஏ.சி. வைத்த வீடு விதிக்குள் வரும். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு மிக்சி உள்ள வீடு வெளியே நிற்கும். பிறகு புதிய விதிகள் 2023இல் வந்துவிட்டன. ஆனால் சுவர்கள் பழையவை. சிங்கப்பூரில் 1985க்குப் பின் கட்டிய வீடுகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். பழைய வீடுகள் விடுபட்டதைக் கண்டு, 2023 ஜூலை முதல் அவற்றுக்கும் கட்டாயம் என்று இரண்டாண்டு அவகாசம் கொடுத்தார்கள். விலக்கு வீட்டின் வயதைப் பொறுத்து இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். நம் விலக்கு வீட்டின் வசதியைப் பொறுத்து இருந்தது.

அதே காலத்தில் அந்தச் சிறிய வீடுகளுக்குள் என்ன போயிற்று என்று பாருங்கள். என் மாணவிகளில் பலர் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது இவர்களுடைய அம்மாக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்தத் திட்டத்தை ஏளனம் செய்த ஆண்களின் எழுத்தை நான் ஏற்கவில்லை. ஆட்டுக்கல்லில் தோள்பட்டையை இழந்த பெண்ணுக்கு அது இலவசமல்ல, பாக்கி. என் விமர்சனம் வேறு. மூன்று முனை பிளக்கோடு கிரைண்டர் வந்தது. மூன்றாவது முனை போய்ச் சேர வேண்டிய எர்த் அந்த வீட்டில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. சாக்கெட்டே இல்லாத இடங்களில் வயரின் முனையைச் சீவி, துளையில் விட்டு, தீக்குச்சி சொருகி ஓட்டினார்கள். பொருளைக் கொடுப்பது வெளியில் தெரியும், படம் எடுக்கலாம். மண்ணுக்குள் புதைக்கும் எர்த் கம்பியைப் படமெடுத்து என்ன செய்ய?

சாக்கெட்டின் துளைகளுக்கு உள்ளே கதவு போல ஷட்டர் இருக்கலாம் என்பது நமக்குத் தெரிந்த செய்திதான். எர்த் முனை மற்ற இரண்டைவிட நீளம், அது முதலில் நுழைந்து ஷட்டரைத் திறக்கும், பிறகே மின்சாரத் துளைகள் வழிவிடும். குழந்தை ஒரு ஹேர்பின்னை விட்டால் நுழையாது. இந்த ஏற்பாடு பரவலானதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், போருக்குப் பிந்திய வீடுகளின் மின்னமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய பிரிட்டனில் 20 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். பொறியாளர், 1924இல் தொடங்கப்பட்ட பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் இயக்குநர். குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஷட்டர் வேண்டும் என்று அந்தக் குழு 1944இல் அறிக்கை தந்தது. 1947இல் சதுர முனை பிளக்குக்கான தரம் வந்தது. அவரைத் தேவதையாக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கம் நடுத்தர வர்க்க இல்லத்தரசிகளுக்கு மின்சாரத்தை விற்றுக்கொடுத்த சங்கமும்கூட. ஆனால் மேசையில் அவர் இருந்ததால், ஐந்து வயதுக்குட்பட்ட விரலும் ஒரு பொறியியல் அளவாயிற்று.

நாம் 1934ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்த உருண்டை முனையோடு நின்றுவிட்டோம். ஷட்டர் வைத்த சாக்கெட்டுகள் இங்கும் வந்தன. வந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செல்போன் சார்ஜருக்கு இரண்டு முனைதான், எர்த் முனை கிடையாது. ஷட்டர் திறக்காது. ஆகவே மேல் துளையில் பேனா மூடியையோ டெஸ்டரையோ விட்டு அழுத்திக்கொண்டு சார்ஜரைச் செருகுகிறோம். குழந்தையைத் தடுக்க வைத்த கதவை எப்படித் திறப்பது என்று குழந்தையின் கண்முன்னே நாளும் பாடம் நடக்கிறது. சாக்கெட் செய்தவரும் சார்ஜர் செய்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது அவள் கையிலிருக்கும் பேனா மூடி.

எங்கள் ஊருக்கு இதில் தனிக் கிளைக்கதை ஒன்றுண்டு. 1947இல் நாங்கள் இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம். சொல்தா குடும்பங்களில் பாரீசிலிருந்து வரும் மகளோ மருமகனோ காப்பி மெஷினோ இஸ்திரிப் பெட்டியோ கொண்டுவருவது இன்றைக்கும் நடக்கிறது. பிரெஞ்சு பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள தூரம் நம் 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும், சற்றுத் தளர்வாக. மின்னழுத்தமும் ஒன்றே. ஆகவே ஓடும். ஆனால் பிரெஞ்சு முறையில் எர்த் முனை சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கான துளைதான் இருக்கும். நம் சாக்கெட்டில் அந்த நீட்டல் இல்லை. இஸ்திரிப் பெட்டி எர்த் இல்லாமல் சுடுகிறது. அந்தப் பெட்டி பாதுகாப்பானதுதான், அது பிறந்த வீட்டில். பாதுகாப்பில் பாதி அங்கே சுவரில் இருந்தது, அந்தப் பாதியைச் சூட்கேசில் வைத்துக் கொண்டுவர முடியாது. புக்ககம் வந்த பெண்ணைப் பற்றி இதே வாக்கியத்தை எழுதலாம் என்று தோன்றுகிறது, உவமையை நீட்டப்போவதில்லை.

பொருத்துவதற்கு எளிதான சாமான்கள் இப்போது வருகின்றன. திருகாணிக்குப் பதிலாக, வயரை உள்ளே தள்ளினாலே கவ்விக்கொள்ளும் இணைப்பிகள், தட்டுப்போல் கழற்றி மாட்டும் சுவிட்சுகள். இதைச் சொகுசு என்று ஒதுக்கக் கூடாது. சாக்கெட் கறுத்துப்போவதற்கு வழக்கமான காரணம், சரியாக முறுக்கப்படாத சின்னத் திருகாணி. தளர்ந்த இடத்தில் தடை கூடுகிறது, சூடு கூடுகிறது, பிளாஸ்டிக் உருகுகிறது. வேலை செய்பவரின் கைப்பலத்தையும் அவசரத்தையும் நம்பாத இணைப்பு, பாதுகாப்பான இணைப்பு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டாண்டு படித்துவிட்டு வரும் பெண்களுக்கும் அது வழிவிடும்.

கதிர்காமத்தில் ஒரு மின்சாமான் கடையில் ஆர்.சி.சி.பி. கேட்டபோது, "வீட்ல சார் இல்லீங்களா மேடம்? வயர்மேனை அனுப்பச் சொல்லுங்க, அவருக்குத் தெரியும்" என்றார் கடைக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார். முப்பது மில்லி ஆம்பியர், இரண்டு துருவம் என்று நான் சொன்னதும் மரியாதை கொஞ்சம் குறைந்தது.

ஆனாலும் 'எளிதாகப் பொருத்தலாம், நீங்களே செய்யலாம்' என்ற விளம்பரக் குரல் எனக்கு உறுத்துகிறது. வீட்டு வேலையை எளிதாக்கிய ஒவ்வொரு கருவியும் வேலையின் அளவைக் குறைக்காமல், மற்றவர்கள் செய்த பங்கையும் அவள் தலையில் வைத்தது என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். சலவைக்காரர் போனார், வாஷிங் மெஷினோடு அவள் நின்றாள். நாளை வயர்மேன் போய், சாக்கெட்டையும் அவளே மாற்றிக்கொள்ளட்டும் என்றால் அதை விடுதலைக் கணக்கில் எழுத நான் தயாரில்லை. வயரிங் வேலை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டியது. அவளுக்கு வேண்டியது, செய்தது சரியா என்று பார்க்கத் தெரிவதும், சரியில்லை என்று சொல்ல அதிகாரம் இருப்பதும்.

அந்த அதிகாரம் சுவர் யாருடையது என்பதில் முட்டி நிற்கிறது. கதிர்காமத்தில், மருத்துவக் கல்லூரியைச் சுற்றிய தெருக்களில், வீட்டைப் போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். சமையல் மேடைக்கு மேல் ஒரே ஒரு பிளக்பாயிண்ட். அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் மிக்சி, இண்டக்ஷன் அடுப்பு, தண்ணீர் சுத்திகரிப்பான். ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லி வாடகைக்கு விட்டவரிடம் எர்த் இருக்கிறதா என்று கேட்பது எளிதல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. டி.வி.க்காகவும் ஃபிரிட்ஜுக்காகவும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்த சாக்கெட்டுகள் முதலில் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகும் பல வீடுகளில் அவை அதே உயரத்தில்தான் இருக்கின்றன.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். விழுந்தால் கருவி வேலை செய்கிறது, விழாவிட்டால் மாற்ற வேண்டும். முதுகலை வகுப்பில் இதைச் சொல்லி, வீட்டில் அந்தப் பெட்டியைத் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். சிலர் வீட்டில் பொத்தான் இருந்தது, இத்தனை நாள் யாரும் தொட்டதில்லை. சிலர் வீட்டில் எம்.சி.பி. மட்டும். வாடகை வீட்டிலிருந்து வரும் ஒருத்தி சொன்னாள், "பெட்டி கீழே மாடிப்படிக்கு அடியில இருக்கும்மா. பூட்டியிருக்காங்க. சாவி ஹவுஸ் ஓனர்கிட்ட. அவர் காரைக்கால்ல இருக்காரு."