வாசிப்பும் பயன் சொல்லலும்: புத்தளக் கரையோரத்தில் ஆங்கிலம்

ஈழத்துச் சைவாலயங்களிற் புராணபடனம் நிகழும்போது இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பர். மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவர். வாசிப்பவரின் குரல் எத்துணை இனியதாயினும், பயன் சொல்பவர் இல்லாதவிடத்துப் படனம் நிறைவெய்தியதாக எவரும் கொள்ளார். இவ்வேறுபாட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒரு சமுதாயம், தன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும்பொழுது மட்டும் வாசிப்பவரை இருத்திவிட்டுப் பயன் சொல்பவரை மறந்தமை வியப்பிற்குரியது. சிலாபம் முதற் கற்பிட்டி வரையுள்ள கரையோரத் தமிழ்மொழிப் பாடசாலைகளை நோக்குவார்க்கு இக்குறை எளிதிற் புலப்படும். மாணவன் எழுந்து நின்று பாடநூலின் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கிறான், ஆசிரியர் நன்றென்கிறார், அடுத்தவன் எழுகிறான். அப்பக்கத்திற் சொல்லப்பட்டது யாதென்று வினவின், வாசித்தவனும் கேட்டவர்களும் ஒருங்கே மௌனிகளாவர்.

இதற்குக் காரணம் மாணவரின் சோம்பலோ ஆசிரியரின் அசிரத்தையோ அன்று. தமிழெழுத்தின் சிறப்பே ஈண்டு இடராய் அமைந்துவிடுகின்றது. நெடுங்கணக்கை அறிந்த பிள்ளை எந்தத் தமிழ்ச் சொல்லையும் ஒலிக்க வல்லது. ஒலித்த மாத்திரத்தே பொருளும் உடன் வரும். ஏனெனில் அச்சொல்லை வீட்டிலும் தெருவிலும் முன்னரே அது கேட்டறிந்திருக்கின்றது. எழுத்து ஒலியைத் தரும், ஒலி பொருளைத் தரும் என்ற இப்பழக்கத்துடனேயே பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கின்றது. அங்கே முதற் கண்ணி தளர்ந்தது: ஜீ, ஏச் என்னும் ஈரெழுத்தும் இரவைக் குறிக்குஞ் சொல்லில் ஊமையாகிச் சிரிப்பைக் குறிக்குஞ் சொல்லில் வேறோர் ஒலி பெறுகின்றன. இரண்டாவது கண்ணியோ அறவே இல்லை. செவ்வனே ஒலித்த சொல்லும் செவிக்குப் புதியதாகையால் எப்பொருளையும் எழுப்பாது நிற்கும். ஆசிரியர் முதற் கண்ணியைச் செப்பனிடுவதிலேயே பாடவேளை முழுவதையும் செலவிடுகின்றார். உச்சரிப்புத் திருத்தப்படுகின்றது, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுகின்றது. உடப்பிற் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டிலும் ஒருவர் சொல்லப் பலர் திருப்பிச் சொல்வதுண்டு. ஆயின் அங்கே குரல் எழுந்தோறும் வலை சிறிது கரைக்கு வருகின்றது.

இதனை வெறும் பரீட்சைப் புள்ளி பற்றிய கவலையாகக் கொள்ளலாகாது. சிங்களம் பேசுவோர் பெரும்பான்மையினராக வாழும் மாவட்டத்தில், உடப்பின் இந்துக்களும், புத்தளம் கற்பிட்டிப் பகுதி முஸ்லிம்களும், 1990 இல் வடக்கினின்று வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறியோரும் தமிழ்வழி கற்கின்றனர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியென வகுத்தது. இணைப்பு என்னுஞ் சொல் சட்டப் புத்தகத்தில் அழகாகவே இருக்கின்றது. மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டிலும், வள்ளத்து இயந்திரத்தின் கைந்நூலிலும், இறாற் பண்ணைக்கு வரும் தீவனப் பையிலும், வெளிநாட்டுத் தொழிலுக்குச் செல்லும் பெண் கையொப்பமிடும் ஒப்பந்தத்திலும் அம்மொழியே எதிர்ப்படுகின்றது. அவ்வொப்பந்தத்தை உரத்து வாசிக்கத் தெரிந்தும் அதன் பயனை அறியாதவள், வாசிக்கவே தெரியாதவளினும் பெரிய இடரில் இருக்கின்றாள் எனலாம். தனக்கு ஆங்கிலந் தெரியுமென்று அவள் நம்புகின்றாளன்றோ!

இப்பிரச்சினையை முதன்முதல் ஆழ்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட். வங்காளத்தின் இருமொழிநிலை பற்றி 1926 இல் வெளிவந்த அவருடைய நூல் ஒரு நேர்மையான கணக்கிலிருந்து தொடங்குகின்றது. மாணவரிற் பெரும்பாலோர் படிப்பை இடையிலே விட்டுச் செல்வர்; அங்ஙனம் விட்டுச் செல்பவனின் கையில் எஞ்சுவது யாது? இடைநிறுத்திய காப்புறுதிக்கும் ஒரு பெறுமதி கிடைப்பது போலக் கல்விக்கும் கிடைத்தல் வேண்டும் என்றார் அவர். ஆகவே பேச்சினும் எழுத்தினும் முன்னதாக, பொருளுணர்ந்து மௌனமாக வாசித்தலே பயிற்றப்படல் வேண்டுமென்பது அவர் துணிபு. கடலுக்குச் செல்லும் பருவம் வந்ததும் வகுப்பில் இருக்கை வெறுமையாகும் கரையூர்களில் இக்கணக்கின் நியாயம் இன்றும் குன்றவில்லை.

அவருடைய 1960 ஆம் ஆண்டு நூல், இடர்மிக்க சூழலில் ஆங்கிலங் கற்பித்தல் பற்றியது. நெருக்கமான வகுப்பு, குறைந்த உபகரணம், ஆங்கிலம் செவிப்படாத ஊர் என்பனவே அதன் களம். அங்கு அவர் கூறும் உத்தி ஒன்று செலவற்றது. மாணவன் ஒரு சொற்றொடரைக் கண்ணால் வாசிக்க வேண்டும். பின் தலையை நிமிர்த்தி, புத்தகத்தைப் பாராது, எதிரிலுள்ளவனை நோக்கி அதனைச் சொல்லவேண்டும். கண்ணுக்கும் நாவுக்கும் இடையே அத்தொடரைச் சிறிது நேரம் மனம் தாங்கவேண்டியிருக்கின்றது. பொருள் சிறிதேனும் பற்றாத தொடரை மனம் நெடுநேரம் தாங்காது. வரிக்கு வரி விரல் வைத்து ஒலிக்கும் பழக்கத்திற்கு இதனினும் எளிய மருந்து காண்டல் அரிது.

எனினும் வெஸ்ட் சொல்லளவைக் கட்டுப்படுத்துவதில் மிகுந்த நம்பிக்கை வைத்தார். 1953 இல் வெளிவந்த அவருடைய பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்டது. சொற்கள் அறிந்தவையாயின் வாக்கியமும் விளங்கும் என்பது அதன் உட்கிடை. தமிழ்ப்பிள்ளை தடுமாறுவது சொல்லில் மாத்திரமன்று. விடியலிற் பிடித்த மீனை மீனவர் விற்றார் என்று தமிழ் கூறுமிடத்து, ஆங்கிலம் மீனவர், விற்றார், மீன், பிடித்தது, விடியல் என்ற ஒழுங்கிற் செல்லும். தமிழில் அடைமொழி முன்னே வரும். வினை இறுதியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். அம்முடிவை எதிர்பார்த்து ஆங்கில வரியின் கடைசிச் சொல்வரை காத்திருக்கும் பிள்ளை, வினையை முன்னரே கடந்து வந்துவிட்டதை அறியாது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் தெரியாமற்போவது இங்ஙனமே.

இந்நூற்றாண்டை அண்டிய மற்றொரு நோக்கு சுரேஷ் கனகராஜாவினுடையது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் யுத்தகால மாணவருக்கு ஆங்கிலங் கற்பித்த அனுபவத்தை உள்ளிட்டு அவர் எழுதிய நூலை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1999 இல் வெளியிட்டது. மாணவர் கையிலிருந்தது ஓர் அமெரிக்கப் பாடநூல். அதன் ஓரங்களில் அவர்கள் தமிழில் எழுதிய குறிப்புக்களையும் வரைந்த சித்திரங்களையும் அவர் ஆராய்ந்தார். கிறுக்கலென்று ஆசிரியர் கடிந்து ஒதுக்கியிருக்கக் கூடியவற்றில், அந்நியமான பாடநூலின் உலகத்தோடு மாணவர் நிகழ்த்திய வாதத்தை அவர் கண்டார். ஆசிரியருலகிற்கு அது பெருந்தொண்டு. ஆயினும் அவருடைய கண் பெரும்பாலும் அதிகாரத்தின் மேலேயே தங்கிற்று. சித்திரம் வரைந்தவன் பாடத்தினின்று விலகியிருக்கலாம். அருஞ்சொல்லின்மேல் அதன் தமிழ்ப்பொருளை எழுதியவனோ பாடத்தினுள் நுழைய முயன்றவன். அவன் செய்தது எதிர்ப்பன்று, பதவுரை.

பதவுரை என்றதும் தமிழாசிரியரின் வகுப்பு நினைவிற்கு வருதல் இயல்பு. அடுத்த பாடவேளையில் அதே மாணவன் அவரிடம் செய்யுள் கற்கின்றான். அங்கே சீர் பிரிக்கின்றான், பதவுரை காண்கின்றான், பொழிப்புரை எழுதுகின்றான். எழுவாய் ஓரடியிலும் பயனிலை மற்றோரடியிலும் கிடந்தாற் கொண்டுகூட்டிப் பொருள் கொள்ளுகின்றான். நன்னூலார் பொருள்கோள் எட்டு என வகுத்ததும் இத்தேவை பற்றியே. சொற்கள் நின்ற முறையிற் பொருள் தராதவிடத்து அவற்றை எவ்வாறு கூட்டுவது என்பதே அங்குள்ள வினா. ஆங்கில வாக்கியத்தின்முன் தமிழ்ப்பிள்ளை எதிர்கொள்வதும் அதுவே. வினையைத் தேடு, அதனைச் செய்தவரைத் தேடு, எஞ்சியதைக் கூட்டு என்று சொன்னால் அவனுக்கு அது புதிதாயிராது. மேனாட்டார் வாசிப்பு உத்திகள் என்று புதுப்பெயரிட்டு அனுப்புவனவற்றுட் சில, நம் உரையாசிரியர் கையாண்டவையே. இரு பாடவேளைகளுக்கும் இடையே அடிக்கும் மணி, அவற்றை இரு வேறு உலகங்களாகப் பிரித்துவிட்டது. கொள்வதும் கொடுப்பதும் வழக்கில் இல்லாதனவல்ல: ஆறுமுக நாவலர் தமிழ் உரைநடைக்கு ஆங்கிலத்தின் நிறுத்தக் குறியீடுகளைக் கொணர்ந்து தமிழ் வாசிப்பை எளிதாக்கினார்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. சொல்தோறும் தமிழெழுதிப் பக்கத்தை நிரப்புபவன் பதவுரையோடு நின்றுவிடுவான். பொருளை முதலில் இடம்நோக்கி ஊகித்து, ஊகம் பொய்த்த சில சொற்களுக்கே அகராதியை நாடுதல் வேண்டும். பொழிப்பைத் தன் தமிழிற் சொல்லிய பின்னரே உரத்து வாசிக்கவிடல் தகும். அப்பொழுது உச்சரிப்பைத் திருத்துவதிலும் பொருளுண்டு.

எழுதுதலின் நிலை வாசித்தலினும் இரங்கத்தக்கது. சாதாரணதரப் பரீட்சையை நோக்கிக் கட்டுரைகள் மனனஞ் செய்யப்படுகின்றன. நெல்வயலே காணாத மணற்கரைப் பிள்ளை, தன் கிராமம் பசிய வயல்களாற் சூழப்பட்டதென்று ஆங்கிலத்தில் எழுதுகின்றது! இலக்கணப் பிழை இல்லையாயின் புள்ளியும் பெறுகின்றது.

இக்கரையிலேயே மாற்று உதாரணம் ஒன்று இருக்கின்றது. 1807 இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். 1834 இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் விவரிப்பது. 1859 இல் வந்த தமிழ் புளூட்டாக் தமிழ்ப்புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்தது; பின்னர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகத்திற்கு அதனைத் துணையாகக் கொண்டார். முக்குவர் வழக்கங்களைப் பற்றியும் சீறாப்புராணத்தைப் பற்றியும் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதினார். அவர் எழுதியவற்றுட் பெரும்பகுதி அவர் தமிழிலும் தம் சூழலிலும் அறிந்தவை. மொழி கடன், பொருள் சொந்தம். அவருடைய மேதையை எல்லா மாணவரிடத்தும் எதிர்பார்த்தல் பேதைமை. ஆயின் அவர் எடுத்துக்கொண்ட வடிவம் மாணவர்க்கு எட்டாததன்று. ஊர்ப்பெயர், அது கிடக்கும் திசை, அங்கு வாழ்வோர், அவர் தொழில், விளைபொருள், கோயில் அல்லது பள்ளிவாசல் என ஒரு பதிவிற்குப் பத்து வரி போதும். வாக்கியங்கள் குறுகியவை, காலம் பெரும்பாலும் நிகழ்காலம், மனனஞ் செய்வதற்கு அயலூரார் கட்டுரை எதுவும் கிடையாது. உடப்பைப் பற்றி அவ்வாறு எழுதத் தொடங்கும் மாணவிக்கு, கரைவலையை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்ற வினா இரண்டாம் வரியிலேயே எழும். அதற்கு விடைதேடி அவள் அகராதியைத் திறப்பாள்.