செஞ்சிக் கோட்டை: கதைப்பாடலும் கல்மதிலும்

செஞ்சி என்றவுடன் தமிழர் நாவில் வருவது தேசிங்குராசன் பெயரே. கதைப்பாடல் வளர்த்த புகழை 1960-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படம் மேலும் பரப்பிற்று. பாட்டில் சுவை உண்டு. இராசபுத்திர இளைஞனும் அவனுடைய முகமதிய நண்பனும் ஓருயிராய் நிற்கும் இடம் கல் நெஞ்சையும் உருக்கும். அதனை இலக்கியமாகக் கற்பிக்கத் தடையில்லை. கோட்டையின் வரலாறே அதுவெனக் கற்பித்தல் தகாது.

தேசிங்கு எனப்படும் தேஜ்சிங் தந்தைக்குப்பின் செஞ்சியை ஏற்றதும் மாண்டதும் 1714-ஆம் ஆண்டிலேயே. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துச் சிறுபடையுடன் வெளியேறி, திறந்தவெளியில் பொருது வீழ்ந்தான். அந்தப் போரில் மதில்களுக்கு வேலையே இருக்கவில்லை.

மதில்களின் திறத்தை அறிய விரும்புவோர் 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகையை நோக்குதல் வேண்டும். மராத்திய மன்னர் இராசாராம் உள்ளே இருக்க, மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் வெளியே காத்துக் கிடந்தார். கோட்டையைப் பிடிக்க அத்தனை ஆண்டுகள் சென்றது ஏன்? இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் முக்கோணமாய்ப் பிணைக்கிறது. ஒரு குன்று வீழினும் மற்றவை நிற்கும். இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. உச்சியை நெருங்குமிடத்தில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய பிளவொன்று வழியை அறுக்கிறது. மரப்பாலத்தை இழுத்துவிட்டால் ஏறி வந்தவன் திரும்ப வேண்டியதே. மேலே சுனைநீரும் நெற்களஞ்சியமும் உண்டு. இயற்கைப் பாறையே பாதி மதிலாய் நிற்க, மனிதன் இடைவெளிகளை மட்டும் அடைத்திருக்கிறான். கட்டடக்கலையில் இத்தகைய சிக்கனம் அரிது.

ஆயினும், இதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புசி ஒரே இரவில் கைப்பற்றினார் என்பதையும் மறத்தலாகாது. காப்போர் மனம் தளர்ந்தால் கல் என்ன செய்யும்?

இனி, இக்கோட்டை யாருடையது? ஆனந்தக் கோன் 1200-ஐ ஒட்டித் தொடங்கினான் என்பது வழிவழிச் செய்தி. விசயநகரத்தார் காலத்தில் நாயக்கர் இதனைப் பெருநகராக்கினர். பல அடுக்குக் கலியாண மகாலும் களஞ்சியங்களும் வேங்கடரமணர் கோயிலும் அவர்கள் பெயரோடு சேர்ந்தவை. 1597-இல் வந்த பிமெந்தா பாதிரியார், தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், போர்ச்சுகலில் லிசுபனைத் தவிர இதற்கு ஈடில்லை என்றும் எழுதினார்.

யுனெசுகோ 2025-இல் இதனை 'மராத்தியர் போர்நிலங்கள்' என்னும் தலைப்பில், 12 கோட்டைகளுள் ஒன்றாக உலக மரபுச் சின்னமாக்கிற்று. சிவாசி 1677-இல் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தியது மெய்யே, மகிழத்தக்க சிறப்புமாகும். ஆனால் மராத்தியர் ஆட்சி 21 ஆண்டுகளே. நாயக்கர் ஆண்டதோ ஒரு நூற்றாண்டுக்கும் மேல், 1649 அளவில் பிசப்பூர்ப் படை வரும்வரை. பாடல் சில மாதங்களைப் பாடியது. பட்டியல் சில ஆண்டுகளைச் சொல்கிறது. இரண்டிலும் நாயக்கர் விடுபட்டனர்.

சி. எசு. சீனிவாசாச்சாரியார் செஞ்சி வரலாற்றை 1943-இலேயே விரிவான ஆங்கில நூலாக எழுதிவிட்டார். தமிழாசிரியர்கள் தேசிங்குப் பாடலைத் தொடங்குமுன் கரும்பலகையில் மூன்று குன்றுகளையும் அவற்றைச் சுற்றிய மதிலையும் வரைந்து காட்டலாம். குதிரை எந்த வாயிலால் வெளியேறிற்று என்று மாணவரே கேட்பர்.