தேன்துளியும் நரியின் வழக்கும்

பாரசீக இலக்கியம் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது உமார் கய்யாம்தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை செய்த புண்ணியம் அது. ஆனால் கவிமணி மொழிபெயர்த்தது பாரசீக மூலத்திலிருந்து அல்ல. 1859இல் பிட்ஜெரால்டு வெளியிட்ட ஆங்கில நூலிலிருந்து. அதற்கு அப்பால் பிர்தௌசி, சாதி, ஹாபிஸ் என்று பெயர்கள் தெரியும், அவ்வளவுதான். இத்தனைக்கும் குமாஸ்தா, ரசீது, தாசில்தார், கஜானா என்று பாரசீகச் சொற்கள் நம் வாயில் தினமும் புழங்குகின்றன. எங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தில் இந்தச் சொற்கள் இல்லாத பக்கமே கிடையாது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது கய்யாமை அல்ல. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பஞ்சதந்திரத்தை. அது பாரசீகத்துக்குப் போய் என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்போம். சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள், "உலகத்துக்கே கதை கொடுத்தது நம் நாடு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். கொடுத்தோம், சரி. வாங்கினவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா?

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட ஸாஸானிய மன்னர் குஸ்ரூ அனுஷிர்வான். அவருடைய அரண்மனை மருத்துவர் பர்ஸோய் இந்தியாவுக்கு வந்து இந்த நூலைப் பஹ்லவி மொழியில், அதாவது அக்காலப் பாரசீகத்தில், பெயர்த்துக்கொண்டு போனார். இறந்தவரை எழுப்பும் மூலிகையைத் தேடி வந்தார் என்றும், மூலிகை என்பது நூலே, இறந்தவர் என்பது அறியாதவரே என்று இங்குள்ள பெரியவர் ஒருவர் விளக்கினார் என்றும் பிர்தௌசியின் ஷாநாமா கதை சொல்கிறது. பஹ்லவி நூல் அழிந்துபோயிற்று. அதிலிருந்து சிரியாக்கில் ஒன்றும், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்பவர் செய்த அரபு நூல் ஒன்றும் தங்கின. இந்த இப்னுல் முகஃபாவும் பாரசீகர்தான். அரபு உரைநடைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். நம் கரடகனும் தமனகனும் அவரிடத்தில் கலீலா, திம்னா ஆனார்கள். சஞ்சீவகன் என்ற காளை ஷன்ஸபா ஆயிற்று.

அரபிலிருந்து கதை மறுபடியும் பாரசீகத்துக்கே திரும்புகிறது. 10ஆம் நூற்றாண்டில் ருதகி அதைச் செய்யுளாக்கினார், சிதறல்கள்தான் மிச்சம். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கஜ்னி அரசர் பஹ்ராம் ஷாவுக்காக நஸ்ருல்லா முன்ஷி உரைநடையில் எழுதினார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹெராத்தில் ஹுசைன் வாயிஸ் காஷிஃபி 'அன்வாரே சுஹைலி' என்று இன்னொன்று எழுதினார். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பாரசீகம் படிக்கப் பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டது இதைத்தான். தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் தந்த பஞ்சதந்திரம் மராட்டியிலிருந்து பெயர்த்தது. அது உள்நாட்டுக் கிளை. இந்தச் சுற்றில் அது சேராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாரசீகர் சேர்த்தவற்றில் இரண்டு என்னைப் பிடித்து நிறுத்துகின்றன.

முதலாவது, நூலின் முகப்பில் வைத்த பர்ஸோயின் தன்வரலாறு. இது பஞ்சதந்திரத்தில் இல்லாதது. மருத்துவம் படித்து, பணமும் பேரும் கண்டு, பிறகு இதெல்லாம் எதற்கு என்று தன் மனத்தோடு வழக்காடுகிறார் ஒருவர். மதங்களை ஒவ்வொன்றாக ஆராய்கிறார். ஒவ்வொருவரும் தம்முடையதே மெய் என்கிறார்கள். முடிவில், கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை என்று எல்லா மதங்களும் ஒப்புக்கொள்ளும் நடத்தையைப் பற்றிக்கொள்கிறார். நம் அணுவிரதங்களைப் படித்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று உறைக்கும். அதற்காக பர்ஸோய் சமணர் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! இந்த அத்தியாயத்தை இப்னுல் முகஃபாவே எழுதிச் சேர்த்தார், விசுவாசம் தளர்ந்தவர்களை மானியின் மதத்துக்கு இழுக்கவே சேர்த்தார் என்று அல்பிரூனி குற்றம் சாட்டினார். யார் எழுதினாலும் சரி, சந்தேகப்படும் ஒரு மனிதனின் குரல் அதில் சுத்தமாகக் கேட்கிறது.

அந்த அத்தியாயத்தின் கடைசியில் ஓர் உவமை. பயந்து ஓடும் ஒருவன் கிணற்றில் இறங்கிக் கிளையைப் பற்றித் தொங்குகிறான். காலடியில் நான்கு பாம்புகள். அடியில் வாய் பிளந்த பெரும்பாம்பு. பற்றிய கிளையைக் கறுப்பும் வெளுப்புமாக இரண்டு எலிகள் அரிக்கின்றன. பக்கத்தில் தேன்கூடு. தேனை ருசித்தவன் மற்றதையெல்லாம் மறந்துபோகிறான். சமணக் குடும்பத்தில் பிறந்தவர்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; இது மதுபிந்து கதை. சங்கதாசரின் வசுதேவஹிண்டியிலும் ஹரிபத்ரரிலும் ஹேமசந்திரரிலும் உண்டு. மகாபாரதத்து ஸ்திரீபர்வத்திலும் இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது.

ஆனால் பாம்புகளைக் கவனியுங்கள். நம்மவர் உரையில் நான்கு பாம்புகள் என்றால் கோபம், மானம், மாயை, லோபம் என்ற நான்கு கஷாயங்கள். பர்ஸோயிடம் அவை உடம்பில் உள்ள நான்கு தாதுக்கள். ஒன்று கெட்டாலும் ஆளைக் கொல்லும் விஷம். மருத்துவர் இல்லையா, அவர் கண்ணுக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது. நம் கதையில் மனிதனைக் கடிப்பது அவன் குணம். அவர் கதையில் அவன் உடம்பு. நம் மரபில் வித்யாதரன் வானூர்தியில் வந்து கை நீட்டுவதாகவும், இவன் இன்னும் ஒரு துளி, இன்னும் ஒரு துளி என்று தாமதிப்பதாகவும் சொல்வார்கள், கோயில்களில் படமும் எழுதுவார்கள். பாரசீகக் கிணற்றுக்கு யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டுக் கதை எனக்குப் பெரிதுதான். ஆனாலும் இலக்கியமாகப் பார்த்தால், கை கொடுக்க ஆளில்லாத அந்தக் கிணறே அதிகம் பயமுறுத்துகிறது என்று சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது, நரியின் வழக்கு. மித்திரபேதத்தில் தமனகன் கோள் சொல்லிச் சிங்கத்துக்கும் காளைக்கும் பகை மூட்டுகிறான், காளை சாகிறது, சிங்கம் வருந்துகிறது, தமனகன் சமாதானம் சொல்லி மந்திரியாகவே இருந்துவிடுகிறான். கதை அங்கே முடிந்தது. இதை இப்னுல் முகஃபாவால் தாங்க முடியவில்லை போலும். திம்னாவின் விசாரணை என்று ஒரு முழு அத்தியாயம் அரபு நூலில் வருகிறது. அது அவர் சேர்த்தது என்பதே ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. சிங்கத்தின் தாய் விடாமல் நெருக்குகிறாள். நரியைச் சபையில் நிறுத்துகிறார்கள். ஒரு சாட்சி போதாது என்று இரண்டாவது சாட்சிக்குக் காத்திருக்கிறார்கள். கடைசியில் திம்னா சிறையில் சாகிறது. பாரசீக நூல்களும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டன. எழுதிய இப்னுல் முகஃபாவோ நாற்பது வயது ஆவதற்குள் பஸ்ரா ஆளுநரால் கொடூரமாகக் கொல்லப்பட்டவர் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சபையில் நரி பேசுகிற பேச்சு இருக்கிறதே, வக்கீல்கள் பாடம் படிக்கலாம். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் திருப்பி அடிக்கிறது. வாதத்தால் அதை யாராலும் மடக்க முடியவில்லை. ஒட்டுக்கேட்ட சாட்சிகள் வந்துதான் மடக்குகிறார்கள். தண்டனை கொடுக்கவென்று அத்தியாயம் எழுதியவர், தண்டிக்கப்படுகிறவனுக்கே நல்ல வசனங்களையெல்லாம் கொடுத்துவிட்டார். அதனால்தான் அது பிரசங்கமாக ஆகாமல் பிழைத்தது.

இங்கே ஒரு வேடிக்கை. பஞ்சதந்திரத்தைப் புதுக்கி எழுதியவர்களில் முக்கியமானவர் பூர்ணபத்ரர் என்ற ஜைன முனிவர். சோமன் என்ற மந்திரி கேட்டுக்கொண்டபடி 1199இல் பஞ்சாக்கியானத்தை முடித்தார். (அவர் சுவேதாம்பரர், தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பரர்.) எறும்புக்கும் தீங்கு நினையாத துறவி, நரியைத் தண்டித்திருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. தமனகனை மந்திரியாகவே விட்டுவிட்டார். வினையின் பயன் தானே வந்து சேரும், அதற்குச் சிங்கத்தின் கோர்ட் எதற்கு என்று அவர் எண்ணியிருக்கலாம்; இது என் ஊகம்தான். கடைத்தெருவில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தமனகர்கள் சிறைக்குப் போய் நான் பார்த்தது குறைவு. மந்திரியாகிப் பார்த்தது அதிகம். அந்த அளவில் பூர்ணபத்ரர் உலகத்தை உள்ளபடி எழுதியிருக்கிறார். திம்னாவின் வழக்கு உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஏங்கி எழுதியது.

காஷிஃபியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவர் நடை அலங்காரப் பந்தல். ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தேட வேண்டும். அரசர் தாபிஷ்லீமை சரந்தீபம் வரை, அதாவது இலங்கை வரை, நடக்கவைத்து பித்பாய் என்ற ஞானியிடம் கதை கேட்க வைக்கிறார். அந்தக் கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகப்பு அத்தியாயங்கள் இரண்டும் வேண்டாதவை என்று வெட்டிவிட்டார். பர்ஸோயின் தன்வரலாறு போயிற்று. அதோடு கிணறும் தேன்துளியும் போயின. நூலின் உயிர்நிலையை எடுத்துவிட்டு உடம்புக்குப் பட்டுப் போர்த்தினது போல ஆயிற்று.

ஒரு நூறு வருஷம் கழித்து அக்பருக்கு அந்த நடை பிடிக்கவில்லை. எளிதாக எழுது என்று அபுல் ஃபஸலிடம் சொன்னார். 1588இல் 'இயாரே தானிஷ்' வந்தது. காஷிஃபி வெட்டிய அத்தியாயங்களை அபுல் ஃபஸல் திரும்பச் சேர்த்தார். ஹீரவிஜய சூரி முதலிய ஜைன முனிவர்கள் ஃபதேபூர் சிக்ரிக்கு வந்துபோன காலம் அது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை, ஆகவே போடவில்லை.

அக்பர் அதோடும் விடவில்லை. இத்தனை கை மாறி வந்த கதை மூலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டார். முஸ்தபா காலிக்தாத் அப்பாஸி சம்ஸ்கிருதத்திலிருந்து நேரே பாரசீகத்துக்குப் பெயர்த்தார். அவர் கையில் எடுத்துக்கொண்டது பூர்ணபத்ரரின் பஞ்சாக்கியானம். தாராசந்தும் அபிதியும் பதிப்பித்து 1973இல் அலிகாரில் அது அச்சாயிற்று. ஆக, ஒரே அரசருக்காக ஒரே மொழியில் எழுதிய இரண்டு நூல்களில், ஒன்றில் நரி சிறையில் செத்துக் கிடக்கிறது. மற்றதில் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.