அளவுக்கு ஒரு ஆள்

சில வருஷங்களுக்கு முன் கம்பத்தில் ஒரு புகைப்படப் பட்டறைக்குப் போயிருந்தேன். கம்போசிஷன் வகுப்பு. விடியுமுன் ரோட்டோரம் நிறுத்தி, 'மலையோட பிரம்மாண்டம் தெரியணும்னா அளவுக்கு ஒரு ஆள் வேணும், வலது ஓரமா மூணுல ஒரு பங்குல நிக்க வைங்க' என்றார் சொல்லிக்கொடுத்தவர். கிடைத்த ஆள், கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போக ஜீப்புக்குக் காத்திருந்த ஒரு அக்கா. 'ஜீப்பு போயிருச்சுன்னா இன்னைக்குக் கூலிய நீயா தருவ தம்பி?' என்று கேட்டுவிட்டு, சொன்ன இடத்தில் நின்றார். படம் நன்றாக வந்தது. என் பிரச்சினையே அதுதான்.

இந்த மூன்றில் ஒரு பங்கு விதியை ஏதோ கண்ணோடு பிறந்ததுபோலச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பெயரில் அது அச்சேறியது 1797இல், காமிராவுக்கு முன்பே, ஜான் தாமஸ் ஸ்மித்தின் 'ரிமார்க்ஸ் ஆன் ரூரல் சீனரி' நூலில். அதிலுள்ள இருபது செதுக்கோவியங்களும் இங்கிலாந்தின் குடிசைகள். சிதிலமான கூரை ரசிகனுக்குக் காட்சியாகிற இடத்தில் விதி பிறக்கிறது. விதியே கூடாதென்று நான் சொல்லவில்லை. சட்டகத்துக்குள் யாரைக் கொண்டு எதை அளக்கிறோம் என்பதில் அதிகாரம் இருக்கிறது என்கிறேன்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இதே மலையின் பிரதி. தேனி ஈஸ்வரின் காமிராவிலும் ரங்கசாமி பல இடங்களில் சிறு புள்ளிதான். ஆனால் காமிரா அவனோடு ஏறுகிறது. மலையின் உயரம் அவன் கால்வலியால் தெரிகிறது. ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும்போது, அந்தப் பள்ளத்தாக்கின் ஆழம் நமக்கு ஒரு குடும்பத்தின் நஷ்டமாகப் படுகிறது. கடைசியில், கைவிட்டுப்போன நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். காமிரா மேலே மேலே போகிறது. பெரிய நிலம், சின்ன மனிதன்: பட்டறையில் சொன்ன அதே அமைப்பு! இரண்டு மணி நேரம் அவனோடு நடந்ததால் கனக்கிறது. ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. அந்த உயரம் யாருடையது? நிலத்தை வளைத்தவனும் வரைபடத்தில் அங்கிருந்துதானே பார்த்திருப்பான்?

ஒற்றைப் புகைப்படத்துக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடையாது. என் படத்தின் இடது விளிம்பில் பாதி ஜீப் வந்திருந்தது. 'இடைஞ்சல், வெட்டிருங்க' என்றார்கள்; வெட்டினேன். வெட்டாத பிரதியும் கையில் இருக்கிறது. அதில் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்த நான்கைந்து கைகள் தெரிகின்றன. அக்கா மலைப்பக்கம் திரும்பவேயில்லை, ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.